விளக்கு எரியும், ஸ்ராட் மட்டும் வராது

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். டாஷ்போட் விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிகின்றன. ஹோனை அமத்தினால் தெரு முழுக்கக் கேட்கிறது. எஞ்சினை இயக்கப் போனால் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பற்றரி செத்துப்போச்சு, மாத்துங்கோ" என்கிறார். செத்த பற்றரி எப்படி ஹோன் அடிக்கும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவில் பழைய ஓட்டோ ஒன்றைத் தள்ளிவிட்டு, கியரைப் போட்டு உயிர்ப்பித்துவிடலாம். ஓட்டோமெற்றிக் காரிலும் ஹைபிரிட்டிலும் அந்த வழியும் இல்லை. எனவே கராஜுக்கு ஆள் அனுப்பி, புதுப் பற்றரியை வாங்கிப் பூட்டி, பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகு, இரண்டு மாதத்தில் அதே 'டிக்' சத்தம் மறுபடியும் கேட்கும். இது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. நடக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு சாதாரண மல்ரிமீற்றர், பாடப்புத்தகம் பல்மானி என்று சொல்லும் கருவி, கையில் இருந்தால் குற்றவாளி யார் என்பதைப் பெரும்பாலும் வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பற்றரியைப் பற்றி நாம் கேட்கவேண்டியவை இரண்டு. உள்ளே எவ்வளவு மின் இருக்கிறது? அதை எவ்வளவு வேகமாக வெளியே விடமுடிகிறது? வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தாங்கி நிரம்பி இருக்கிறது, ஆனால் இறங்கும் குழாயில் உப்புப் படிந்து பாதி அடைத்துவிட்டது என்று வையுங்கள். ஒரு பைப்பைச் சிறிதாகத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும். எல்லாப் பைப்புகளையும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்தால்தான் அடைப்பு தெரியவரும். பற்றரிக்குள்ளும் அப்படி ஓர் அடைப்பு உண்டு. அதற்கு அகத்தடை என்று பெயர்.

ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும். ஸ்ராட்டர் மோட்டார் ஒரு சிறிய காரில்கூட 150 அம்பியர் வரை இழுக்கும். நல்ல பற்றரியின் அகத்தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் ஐந்தாறு பங்குதான். அதனால் 150 அம்பியர் ஓடும்போது ஒரு வோல்ற்றுக்குக் குறைவாகவே விழும். முதுமையடைந்த பற்றரியில் அது ஆயிரத்தில் முப்பது பங்காக ஏறியிருந்தால், ஹெட்லைட்டுக்கு 0.3 வோல்ற்று மட்டுமே இழப்பு. கண்ணுக்குத் தெரியாது. ஸ்ராட்டருக்கோ 4.5 வோல்ற்று இழப்பு. பன்னிரண்டரையில் மிஞ்சுவது எட்டு. அதில் எஞ்சின் சுற்றாது. விளக்கும் ஹோனும் சாட்சி சொல்வது தாங்கி நிறைந்திருக்கிறது என்பதற்குத்தான், குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அல்ல.

இதே கணக்கு பற்றரிக்கு வெளியேயும் பொருந்தும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். ஓர்ஸ் ஹில்லின் ஒருபுறம் உள்துறைமுகம், சற்றுத் தள்ளினால் டச்பே. காற்றில் எப்போதும் உப்பு. பொனற்றைத் திறந்து பற்றரி முனைகளைப் பாருங்கள். கவ்வியைச் சுற்றி வெள்ளையும் இளநீலமும் கலந்த பொடி பூத்திருக்கும். அமில ஆவி ஈயத்தையும் செம்பையும் தின்றதால் வந்த உப்புகள் அவை. கடல் ஈரம் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, 'சுத்தமாகிவிட்டது' என்று மூடிவிடுகிறோம். உண்மையான கேடு கவ்விக்கும் முனைக்கும் நடுவே, கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு கரும்படலமாக இருக்கிறது. அதன் தடை ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு என்றாலும் 150 அம்பியரில் 1.5 வோல்ற்று போய்விடும். இவ்வளவு சிறிய தடையைப் பல்மானியின் ஓம் அளவீட்டில் பார்க்கவே முடியாது. முள் பூச்சியம்தான் காட்டும்.

அப்படியானால் எப்படி அறிவது? தடையை அளக்காமல் அது தின்னும் வோல்ற்றை அளக்கவேண்டும். பல்மானியை நேரோட்ட வோல்ற்றில் வைத்து, ஒரு ஊசியைப் பற்றரியின் ஈய முனையின் நடுவிலும், மற்றதை அதே முனையைப் பிடித்திருக்கும் கவ்வியிலும் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள், ஆகவே பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டும். அரை வோல்ற்று காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். இதே சோதனையைப் பற்றரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே செய்து பாருங்கள். கரையோர வாகனங்களில் எஞ்சினையும் வாகன உடலையும் இணைக்கும் எர்த் பட்டி துருப்பிடித்துப் போயிருப்பது மிகச் சாதாரணம். ஒரு கம்பித் தூரிகை, சுடுதண்ணீரில் கரைத்த அப்பச் சோடா, பிறகு மெல்லியதாக வசலின். இந்தச் செலவில் முடியவேண்டிய எத்தனையோ நோய்கள் புதுப் பற்றரியால் 'குணமாக்கப்படுகின்றன'. புதுப் பற்றரியைப் பூட்டும்போது கவ்வியையும் சுரண்டுவதால் கொஞ்சநாள் ஓடும், அவ்வளவுதான்.

கருவியே இல்லாதவருக்கும் ஒரு சோதனை உண்டு. இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே அணையும் அளவுக்கு மங்கினால் பற்றரியோ இணைப்போ தளர்ந்துவிட்டது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் 'டிக்' மட்டும் கேட்டால் பெரிய மின்னோட்டம் ஓடவே இல்லை. ஸ்ராட்டரையும், அதற்கு மின்னைத் திறந்துவிடும் சொலனொயிட்டையும் பார்க்கவேண்டும். 'டிக்டிக்டிக்' என்று தொடர்ந்து அடித்தால், சொலனொயிட் இழுக்கிறது, வோல்ற்று விழுகிறது, அது விட்டுவிடுகிறது, வோல்ற்று ஏறுகிறது, மீண்டும் இழுக்கிறது. அது தளர்ந்த பற்றரியின் குரல்.

இனிப் பற்றரியின் உள்ளே போவோம். பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே 1859இல் ஈயத் தகடுகளை நீர்த்த சல்பூரிக் அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் கலத்தைச் செய்தார். அடிப்படையில் அதுவேதான் இன்றும் உங்கள் பொனற்றுக்குள் இருக்கிறது. மைனஸ் தகட்டில் பஞ்சுபோன்ற ஈயம், பிளஸ் தகட்டில் ஈயவீரொட்சைட்டு. ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ற்று, ஆறு கலங்கள் தொடராக நின்றால் 12.6. மின் வெளியேறும்போது என்ன நடக்கிறது என்பது முதலில் தெளிவாக இல்லை. 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள், இரண்டு தகடுகளுமே ஈயசல்பேற்றாக மாறுகின்றன என்று முன்வைத்தார்கள். இதை 'இரட்டைச் சல்பேற்றுக் கொள்கை' என்பார்கள்.

அதிலிருந்து உடனே ஒரு கைப்பயன் கிடைக்கிறது. தகடுகள் சல்பேற்றாக மாறவேண்டுமானால் அந்தச் சல்பேற்று அமிலத்திலிருந்துதான் வரவேண்டும். ஆக, மின் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகும், அடர்த்தி குறையும். பழைய கராஜ்காரர்கள் கையில் வைத்திருக்கும் ஹைட்ரோமீற்றர் இதைத்தான் பார்க்கிறது. றப்பர் குமிழை அமத்தி, மூக்கைக் கலத்துக்குள் விட்டு, மெல்ல விடுவித்தால் அமிலம் கண்ணாடிக் குழாய்க்குள் ஏறும். உள்ளே இருக்கும் சிறு மிதவை அதில் எழும். நன்கு ஏறிய கலத்தில் அது 1250க்கும் 1280க்கும் நடுவே நிற்கும், அதாவது தண்ணீரைப்போல் 1.25 மடங்குக்கு மேல் கனம். இறங்கிய கலத்தில் 1120க்கு அமிழ்ந்துவிடும். ஆறு கலங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆறும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் பற்றரி பசியில் இருக்கிறது, சாப்பாடு போட்டால் எழும்பும். ஐந்து 1250இல் நிற்க ஒன்று மட்டும் 1120இல் கிடந்தால் அந்தக் கலம் போய்விட்டது, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் வராது. மூடி திறக்கமுடியாத புதுவகைப் பற்றரிகளில் இந்த வாய்ப்பு இல்லாமற்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

இந்தத் துறைமுகத்துக்கு இக்கலங்கள் புதியவை அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எச்எம்எஸ் அடமன்ட் என்ற தாய்க்கப்பல் பிரித்தானிய நீர்மூழ்கிகளுக்காகத் திருகோணமலையில் நின்றது. டீசல் எஞ்சின் மேற்பரப்பில் மட்டுமே ஓடும். தண்ணீருக்கடியில் அந்த நீர்மூழ்கிகளை நகர்த்தியது ஈய-அமிலப் பற்றரிதான். கடல்நீர் அதற்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது மாலுமிகளின் பெரும் அச்சம்.

ஹைட்ரோமீற்றர் இல்லையென்றால் வோல்ற்றை வைத்தும் நிலையை ஊகிக்கலாம். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் விட்டபின், 12.6க்கு மேல் என்றால் நிறைவு; 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 என்றால் கால்வாசிதான். 10.5ஐ ஒட்டி நின்றால் ஒரு கலம் செத்திருக்கலாம். ஓடிவந்து நிறுத்தியவுடனே அளந்தால் 13 காட்டி ஏமாற்றும். தகட்டின் மேற்பரப்பில் மட்டும் தங்கிய மின் அது. ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தால் அது போய்விடும், அதன்பின் அளக்கலாம். பிறகு சாவியைத் திருப்பிச் சுற்றும்போதே பற்றரி முனைகளில் பாருங்கள். 10க்கு மேல் தாக்குப்பிடித்தால் நல்லது. ஓய்வில் 12.6 காட்டிய பற்றரி, சுற்றும்போது 9.6க்குக் கீழே சரிந்தால் அதன் அகத்தடை ஏறிவிட்டது. அப்போது தயங்காமல் மாற்றலாம்.

ஒரு கலத்துக்கு ஏன் 2.1 வோல்ற்று என்று கேட்டால், விடை ஐன்ஸ்டைனிடம் போய் முடிகிறது. இதை முதன்முதலில் வாசித்தபோது நான் வியந்தேன், இன்னும் அந்த வியப்பு தீரவில்லை. ஈயத்தின் அணுவெண் 82. அத்தனை கனமான கருவை மிக நெருங்கிச் சுற்றும் இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியையும் தாண்டும். அந்த வேகத்தில் சார்பியல் விளைவுகளை ஒதுக்கமுடியாது. ஈயவீரொட்சைட்டு இலத்திரனுக்காக இவ்வளவு ஏங்குவதும் அதனால்தான். 2011இல் ராஜீவ் அகுஜா, பெக்கா பியுக்கோ முதலியோர் கணித்துப் பார்த்தபோது, 2.1 வோல்ற்றில் 1.7 முதல் 1.8 வரை சார்பியலின் கொடை என்று தெரிந்தது. ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயம் வேதியியலில் அதன் உடன்பிறப்பு. ஆனால் இலேசானது. அதை வைத்து இப்படி ஒரு பற்றரி செய்யமுடியாததற்குக் காரணம் இதுவே.

சரி, பற்றரி ஏன் முதுமையடைகிறது? குளிர்நாட்டுக் கையேடுகள் குளிரைக் குற்றம்சொல்லும். நமக்கு எமன் வெயில். வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும்போது திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகையை நெருங்கும். நின்ற வாகனத்தின் பொனற்றுக்குள் அதைவிட மிக அதிகம். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் வேதிமாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. பிளஸ் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டகம் அரிக்கப்படுவதும் ஒரு வேதிமாற்றமே. தண்ணீர் ஆவியாவதும் கூடும். வடநாடுகளில் கோடையில் பட்ட சேதத்தைப் பனிக்காலம் காட்டிக்கொடுத்துவிடும்: எண்ணெய் தடிக்கும், பற்றரி மந்தமாகும், வாகனம் முனகும். நமக்கு அந்த முன்னறிவிப்புக் காலம் இல்லை. சூடான எஞ்சினைச் சுற்றுவது இலேசு என்பதால், பாதி செத்த பற்றரி மாதக்கணக்கில் சமாளித்துவிட்டு ஒருநாள் சொல்லாமல் விழும்.

மூடி திறக்கும் வகை என்றால் குறைந்த தண்ணீருக்கு வடிநீரை மட்டும் விடவேண்டும். கரையோரக் கிணற்று நீரில் குளோரைட்டு உண்டு. அது தகட்டுக்கு நஞ்சு. 'அசிட்' ஊற்றி எழுப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். ஆவியாய்ப் போனது தண்ணீர். அமிலம் சல்பேற்றாகத் தகட்டிலேயே இருக்கிறது. மேலும் அமிலம் சேர்த்தால் மிதவை உயரும், நோய் மறையும், அரிப்பு கூடும்.

பற்றரி நல்லது, இணைப்பும் நல்லது, ஆனாலும் அடிக்கடி இறங்குகிறது என்றால், ஊட்டுபவர் சரியாக ஊட்டவில்லை அல்லது யாரோ இரவில் தின்கிறார். ஊட்டுபவர் அல்ரனேற்றர், பழக்கத்தில் பலர் டைனமோ என்பார்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தியபோது இருந்த அதே எண் ஓடும்போதும் இருந்தால் சார்ஜ் ஏறவே இல்லை. பெல்ற் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பிழை; பற்றரி கொதித்து வறண்டுவிடும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும், அங்கே ஒரே ஒரு அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அல்ரனேற்றர் உண்டாக்குவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்குபவை இருவாயிகள், கராஜ் மொழியில் டயோட். ஒன்று போனாலும் மற்றவை வேலையை இழுத்துச் செல்லும், வோல்ற்று ஓரளவு சரியாகவே தெரியும். பல்மானியை ஆடலோட்ட வோல்ற்றுக்கு மாற்றி அதே முனைகளில் வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் டயோட் பழுது.

ஒருமுறை ஸ்ராட் செய்வது பற்றரியைப் பாதி காலியாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 150 அம்பியர் மூன்று செக்கனுக்கு ஓடினால் எட்டில் ஒரு அம்பியர்-மணிதான். அது சில நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏசியும் விளக்கும் போட்டபடி ஐந்து நிமிடம் ஓடி நிறுத்தும் பழக்கம்தான் கேடு. பற்றரி கடைசிக் கால்வாசியை மிக மெதுவாகவே வாங்கிக்கொள்ளும். அதற்கான நேரம் கிடைப்பதில்லை. நிறையாமல் கிடக்கும் தகட்டில் சல்பேற்று கெட்டிப் படிகமாகி, பிறகு கரைய மறுக்கும்.

இரவில் தின்பவரைப் பற்றி 2022 நமக்குப் பெரும்பாடம் நடத்தியது. அந்த யூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றாக, நாடெங்கும் வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றன. நின்ற காரிலும் அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் குடிக்கும் என்று வையுங்கள். 45 அம்பியர்-மணிப் பற்றரி 900 மணி நேரத்தில், அதாவது 37 நாளில், முற்றாகத் தீர்ந்துவிடும். மூன்று வாரத்துக்குள் பாதி. வெயிலில் தானாகக் குறைவது இதற்கு மேல். நீண்டநாள் நிறுத்துவதாயின் மைனஸ் கவ்வியைக் கழற்றிவிடுவதே எளிய காப்பு. ஒரே இரவில் இறங்குகிறது என்றால் கழற்றிய மைனஸ் கவ்விக்கும் முனைக்கும் நடுவே பல்மானியை அம்பியரில் இணைத்து, வாகனம் உறங்கும்வரை அரைமணி பொறுத்துப் பாருங்கள். இணைத்திருக்கும்போது ஸ்ராட் செய்தால் மீற்றரின் பியூஸ் போய்விடும். 50க்கு மிகக் கூடுதலாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. வாங்கிய பிறகு பூட்டிய ஸ்ரீரியோவோ பழுதான டயோடோ பெரும்பாலும் அகப்படும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். டொயோட்டா அக்வாவில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய ஹைபிரிட் பற்றரி. ஆனால் கணினியை எழுப்பி அந்தப் பெரிய பற்றரியின் கதவைத் திறப்பது பின் இருக்கையடியில் இருக்கும் சிறிய 12 வோல்ற்றுப் பற்றரி. அது இறங்கினால் 'ரெடி' வராது, எச்சரிக்கை விளக்குகள் தாறுமாறாக எரியும். ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று பயந்து இலட்சக்கணக்கில் விலை கேட்கப் போகுமுன் அந்தச் சின்னவரை அளந்துவிடுங்கள்.

வாங்குவதென்று முடிவானால், மேலே அச்சிட்டிருக்கும் ஜப்பானிய எண்ணை வாசிக்கப் பழகுவது நல்லது. 46பி24எல் என்றால், 46 திறனின் தரவரிசை, பி அகலமும் உயரமும், 24 நீளம் சென்ரிமீற்றரில். பிளஸ் முனை இருக்கும் குறுகிய பக்கத்தை உங்களை நோக்கி வைத்துப் பார்க்கையில் பிளஸ் இடப்பக்கம் நின்றால் எல், வலப்பக்கம் நின்றால் ஆர். அந்தக் கடைசி எழுத்து பிழைத்தால் வயர் எட்டாது, அல்லது எட்டக்கூடாத இடத்துக்கு எட்டிவிடும். அக்வாவுக்கு எஸ்34பி20ஆர், பயணிகள் இருக்கும் அறைக்குள் இருப்பதால் வாயுவை வெளியே விடும் குழாயுள்ள மூடிய வகையே வேண்டும். சாதாரணப் பற்றரியை அங்கே வைப்பது ஆபத்து.

விற்பவர்கள் குளிர்த் தொடக்க அம்பியரைப் பெரிதாகச் சொல்வார்கள். அது உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் அளக்கும் எண். தொழிற்சாலை நிர்ணயித்த அளவு இருந்தால் போதும். அதைவிடக் கூட்ட மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குகிறார்கள். நம் வெயிலில் மெல்லிய சட்டகம்தான் முதலில் அரித்துப்போகும். பெட்டிக்குள் பொருந்தும் அளவில் அம்பியர்-மணி கூடியதை எடுப்பது என் தெரிவு. ஸ்ராட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும், பெரிய பற்றரியால் அது எரியாது. உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். கடை மேசையிலேயே அளந்து பாருங்கள், 12.4க்குக் கீழே என்றால் அலுமாரியில் கிடந்து சல்பேற்றேறிய பழசு, வேறொன்று கேளுங்கள். பழையதை உடைக்காமல் கடையிலேயே கொடுத்தால் அதன் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் கார்களின் வயர்களுக்கும் அல்ரனேற்றர்களுக்கும் வயது ஏறிவிட்டது. ஆகவே புதியதைப் பூட்டிய கையோடு எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுக்கொண்டு, முனைகளில் இன்னொருமுறை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் 13.5க்கு மேல் நின்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். 12.7இலேயே நின்றால் அடுத்துப் போகவேண்டியது அல்ரனேற்றர் திருத்துபவரிடம். பூட்டியிருக்கும் புதுப் பற்றரி அதுவரைதான் தாங்கும்.